முகப்பை மூடிவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே நாங்களும் நலம். நீ வாங்கிய பழைய செங்கல் கட்டடத்தின் முகப்பை அலுமினியத் தகடு வைத்து மூடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை.

கொஞ்சம் பொறு. 1950களிலும் 60களிலும் அமெரிக்கச் சிறு நகரங்களின் கடைத்தெருக்களில் இதையேதான் செய்தார்கள். ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகங்கள் வந்தன. நாமும் புதுசாகத் தெரிய வேண்டும் என்று பழைய முகப்புகளைத் தகட்டால் மூடினார்கள். ஆணி அடிக்கத் தடையாக இருந்த சிற்ப வேலையைச் சில இடங்களில் உடைத்தே எறிந்தார்கள். போன வாடிக்கையாளர்கள் அதற்காகத் திரும்பி வந்துவிடவில்லை. 1977இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று ஊர்களில், பழமையை வைத்தே கடைத்தெருவைப் பிழைக்க வைக்க முடியுமா என்று முயன்று பார்த்தார்கள். பழைய கடைத்தெருக்களைக் காத்து உயிர்ப்பிக்கும் மெயின் ஸ்ட்ரீட் திட்டம் அப்படித்தான் பிறந்தது.

இந்தக் கட்டடங்களில் கீழ்த்தளம் கடைக்காரருக்குக் கடைக்காரர் மாறும். மேல்மாடியை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. கட்டடத்தின் வயதை அங்கேதான் பார்க்க வேண்டும். ஜன்னல் வளைவு, கூரை விளிம்பின் வேலைப்பாடு, சில நேரம் கட்டிய ஆண்டே கல்லில் இருக்கும். கீழே வார்ப்பிரும்புத் தூண் இருந்தால் தட்டிப் பார். மெல்லிசாக இருந்துகொண்டே அவ்வளவு பாரம் தாங்கும். அதனால்தான் சுவரைக் குறைத்து அகலமாகக் கண்ணாடி வைக்க முடிந்தது. அந்தக் கண்ணாடிக்கு மேலே வரிவரியாகச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள் தெரிகிறதா? அவை பட்டகக் கண்ணாடியாக இருக்கலாம். பகல் வெளிச்சத்தை வளைத்துக் கடையின் பின்கட்டு வரை அனுப்பும். 1897இல் சிகாகோவின் லக்ஸ்ஃபர் நிறுவனத்துக்காக இந்தச் சதுரங்களின் வடிவங்களை வரைந்தவர் புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்! எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கிறது.

அப்புறம், செங்கல் இடுக்குகளில் சிமெண்ட் பூச விடாதே. பழைய செங்கல் மென்மையானது. சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் ஈரம் வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் ஈரம் செங்கல்லுக்குள் தங்கி, அதன் முகம் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாராகத் தேடு.

துளை போடும் முன் மேல்மாடியைப் படமெடுத்து அனுப்பு. தகட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா? உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்