பாலே பழகும் பிள்ளைகளைச் சீமெந்துத் தரையில் குதிக்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகளுக்கு 14 வயது. ஏழு வருடமாகக் கொழும்பில் பாலே என்ற மேலைநாட்டு நடனம் பழகுகிறாள். பெப்ரவரியில் இடது பாதம் நோகிறது என்றாள். சுளுக்காக்கும் என்று எண்ணெய் பூசிவிட்டேன். மூன்று கிழமை கழித்து ஸ்கேன் எடுத்தால், பெருவிரலுக்கு அடுத்த விரலோடு சேரும் நீண்ட எலும்பில் மயிரிழை அளவு வெடிப்பு. பாலே ஆடுபவர்களுக்கு வழமையாக வருவதுதான் என்றார் டொக்டர். பிள்ளை விழவில்லை, இடறவில்லை. குதித்துக் குதித்தே எலும்பு களைத்துவிட்டது.

வகுப்பு நடப்பது சீமெந்தில் டைல்ஸ் பதித்த மண்டபத்தில். குதித்து இறங்கும்போது உடம்பு எடையைப் போலப் பல மடங்கு பாரம் காலில் இறங்கும். அடியில் இடைவெளி விட்டு அடித்த பலகைத் தரை என்றால் கொஞ்சம் வளைந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். சீமெந்து வாங்காது. பரதநாட்டியம் பழகும் பிள்ளைகளும் இப்படியான டைல்ஸில்தானே தட்டடவு போடுகிறார்கள்!

பாலேயில் விரல் நுனியில் நின்று ஆடப் போடும் நுனிக்கால் சப்பாத்தின் முனைக்குள் மரக்கட்டை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். துணியும் கடதாசியும் பசை போட்டு அடுக்கி இறுக்கியதுதான் அது. உடம்பைத் தூக்கி நிறுத்துவது பாதமும் கெண்டைக்காலும் இடுப்பும். வகுப்பு முடிந்து மகளின் விரல்களில் பிளாஸ்டரை உரிக்கும்போது சில நாள் தோலும் சேர்ந்து வரும். "பரவாயில்லை அம்மா" என்பாள்.

டொக்டர் அடுத்துக் கேட்டது, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று. நான்கு மாதமாக இல்லையாம். எனக்கே அப்போதுதான் தெரியும். மெலிந்திருக்க வேண்டும் என்று மத்தியானச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் யாருக்கோ கொடுத்திருக்கிறாள். ஆடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பும் பலம் இழக்கும். விளையாட்டு வீரர்களுக்கு வரும் இந்தக் குறைபாட்டுக்கு 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு தனிப் பெயரே வைத்தது. கிரிக்கெட்டுக்குப் போகும் பையனுக்கு முட்டை அவித்துக் கொடுக்கிறோம். ஆடப் போகும் பிள்ளையிடம் "நிறை கூடிவிட்டதா" என்று கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

வகுப்பு நடத்துபவர்களிடம் கேட்கிறேன்: பலகைத் தரை போடுங்கள். அதற்காகக் கட்டணத்தைக் கூட்டினாலும் சரி, தருகிறோம். அதுவரை டைல்ஸில் குதிக்கும் பயிற்சியையாவது நிறுத்துங்கள். நோகிறது என்று சொல்லும் பிள்ளையை அன்றைக்கு இருத்திவையுங்கள்.

மகளிடம் வாசித்துக் காட்டி, அவள் சம்மதித்த பிறகே இதை அனுப்புகிறேன்.

ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 6