கேவண்டிஷை மறந்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

தோற்கும் வீரரைப் பற்றி ‘இவர் கதை முடிந்தது’ என்று விளையாட்டுப் பக்கங்கள் எழுதும்போதெல்லாம் சைக்கிள் பந்தய வீரர் மார்க் கேவண்டிஷ்தான் நினைவுக்கு வருகிறார். 2011-இல் உலக சாம்பியன். 2016-க்குள், பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 30 கட்டங்களில் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) வெற்றி. அப்புறம், உடலைக் கடுமையாகச் சோர்வடையச் செய்யும் எப்ஸ்டைன்-பார் வைரஸ் அவரை முடக்கிப் போட்டது. 2018-இல் மனச்சோர்வு நோயும் சேர்ந்துகொண்டது. அந்த வருடம் பிப்ரவரிக்குப் பிறகு 2021 ஏப்ரல் வரை ஒரு வெற்றிகூட இல்லை. 2020-இல், இதுவே தன் கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்று கேமரா முன் அழுதார்.

மறு வருடம் பழைய அணி குறைந்த சம்பளத்தில் சேர்த்துக்கொண்டது. காயமடைந்த அணி வீரர் சாம் பென்னட்டுக்குப் பதிலாக டூருக்குப் போய் நான்கு கட்டங்களை வென்று, பழம்பெரும் வீரர் எடி மெர்க்ஸின் சாதனையான 34 கட்ட வெற்றிகளைச் சமன் செய்தார். 2024-இல், 39 வயதில், 35-ஆவது வெற்றியும் வந்தது. எல்லோரும் அந்தச் சாதனையைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு, 2021-இல் கிடைத்த அந்த வாய்ப்புதான் பெரிது.

ஒரு வேண்டுகோள்: வீரர் பின்தங்கும்போது வயதை மட்டும் எழுதாமல், அவருக்கு வந்திருக்கும் நோயையும் விசாரித்து எழுதுங்கள்.

— ஒரு வாசகர்