யாழினியின் வேலை பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மல்லிகா ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள் என்று படித்ததும் மனசு லேசானது. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் சில மாதங்கள்தான் பாடு, அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். இங்கே நாங்கள் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பாதி நாள் படிப்பிலேயே போகிறது.

யாழினி பற்றிக் கேட்டிருந்தாய். மின்பொறியியல் படித்துவிட்டு, கைநிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டு, அரசு எதை மறைக்கிறது, எதை வெளியிட வேண்டும் என்று ஆராய்ந்து எழுதப் போகிறேன் என்கிறாள், இது பிழைப்புக்கு ஆகுமா என்கிறாய். பெற்றவன் கவலைப்படுவது நியாயம்தான். பதிலுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஸ்டீவன் ஆஃப்டர்குட் என்று ஓர் அமெரிக்கர். அவரும் மின்பொறியியல் படித்தவர். 1989-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பில் சேர்ந்தார். அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிகள், தாங்கள் செய்ததன் விளைவைப் பார்த்துவிட்டு 1945-இல் தொடங்கிய அமைப்பு அது. 1991 முதல் அங்கே அரசு ரகசியம் பற்றிய ஆய்வுத் திட்டத்தை நடத்தினார். பெரிய படையெல்லாம் கிடையாது. விண்ணப்பம் போடுவது, வந்த ஆவணத்தைப் படிப்பது, படித்ததை எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதுவது, இவ்வளவுதான் வேலை. 'சீக்ரெசி நியூஸ்' என்ற அவருடைய செய்தி மடலை அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் படித்தார்கள்.

அவர் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உளவுத்துறைகளுக்கு ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு செலவாகிறது? யார் உளவாளி, எங்கே வேலை பார்க்கிறார் என்றெல்லாம் கேட்கவில்லை. மொத்தத் தொகை, ஒரே ஓர் எண். பொதுப் பணத்தின் வரவு செலவுக் கணக்கை அவ்வப்போது வெளியிட வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சட்டமே சொல்கிறது. அந்த வரியை வைத்து ரிச்சர்ட்சன் என்ற வரி செலுத்துபவர் அதற்கு முன்பே நீதிமன்றம் போயிருந்தார். 1974-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவரைத் திருப்பி அனுப்பியது. வரி கட்டுகிறவர் என்பதாலேயே இந்த வழக்கைப் போட உரிமை வந்துவிடாது என்றது. கணக்கை மறைக்கலாமா கூடாதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

ஆஃப்டர்குட் வேறு வழியில் போனார். 1966-இல் வந்த தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி யார் வேண்டுமானாலும் அரசு ஆவணத்தைக் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. மறுப்பதானால் சட்டத்தில் உள்ள ஒன்பது விலக்குகளில் எதன் கீழ் மறுக்கிறோம் என்று அரசுதான் சொல்லியாக வேண்டும். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவிடம் கேட்டார். தரவில்லை. 1997-இல் வழக்குப் போட்டார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, அந்த ஆண்டு அக்டோபரில், சிஐஏ இயக்குநர் ஜார்ஜ் டெனெட் தொகையை வெளியிட்டார்: 2,660 கோடி டாலர். சிஐஏ உருவான 1947-க்குப் பின் அந்த எண் அதிகாரபூர்வமாக வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

இதோடு கதை முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். அடுத்த ஆண்டு 2,670 கோடி என்று சொன்னார்கள். அதற்கடுத்த ஆண்டுக்குக் கேட்டபோது கதவைச் சாத்திவிட்டார்கள். மறுபடி வழக்கு. இந்தத் தடவை நீதிமன்றம் சிஐஏ பக்கம் நின்றது. ஆண்டுகள் ஓடின. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம் உளவுச் செலவின் மொத்தத் தொகையை வெளியிடலாம் என்று 2004-இல் பரிந்துரைத்தது. 2007-இல் அது சட்டமானது, 4,350 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். அதிலிருந்து ஆண்டுதோறும் வருகிறது. 2010-இல் ராணுவ உளவுச் செலவும் சேர்ந்து வந்தபோது மொத்தம் 8,000 கோடியைத் தாண்டியது.

எல்லாம் ஒரு மனிதரால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1997-இலும் 1998-இலும் அந்த எண் வெளியே வந்தும் நாட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை என்பது எல்லோர் கண்முன்னும் இருந்தது. அந்தச் சாட்சியத்தை உண்டாக்கி வைத்தது அவர் போட்ட வழக்கு. யாழினி போகிற துறையில் பலன் இப்படித்தான் வரும். தோற்ற வழக்கும் கோப்பில் இருக்கும், பின்னால் வருகிற ஒருவருக்கு உதவும்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய நிதானம். ரகசியம் எல்லாமே சதி என்று அவர் எழுதவில்லை. மூன்று வகையாகப் பிரித்தார். ஆயுத வடிவமைப்பு போல, வெளியே போனால் உண்மையிலேயே ஆபத்து வரக்கூடியவை ஒரு வகை. அலுவலகப் பழக்கத்தால் மறைப்பது இன்னொரு வகை: கொடுத்தால் வம்பு, கொடுக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை என்ற புத்தி. மூன்றாவது, மானம் போகாமல் இருக்க ஆட்சியாளர்கள் மறைப்பது. இந்த மூன்றாவதுதான் அளவில் சின்னது, ஆனால் மிகக் கெடுதலானது என்பது அவர் கருத்து. இரண்டாவதுதான் மலைபோலக் கிடக்கிறது. நான் பார்த்த அளவில் அது அப்படியே உண்மை. பாதிப் பக்கம் கறுப்பு மையால் அடித்து, ஓரத்தில் விலக்கின் எண்ணைக் குறித்து அனுப்பிய நகல்கள் என்னிடமும் இருக்கின்றன. சில சமயம் அதே ஆவணம் வேறு அலுவலகத்திலிருந்து வந்திருக்கும், அதில் வேறு வரிகளை அடித்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் அலுவலகம் மறைத்த வரியை இரண்டாம் அலுவலகம் விட்டுவைத்திருக்கும். அந்த வரியைப் படித்தால் இதைப் போய் ஏன் மறைத்தார்கள் என்று கோபமாக வரும்.

ரகசிய ஆவணங்களை இணையத்தில் வெளியிட்ட விக்கிலீக்ஸ் அமைப்பை 2010-இல் பலரும் கொண்டாடியபோது அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். அரசோடு சம்பந்தமில்லாத தனியார் சங்கங்களின் அந்தரங்கச் சடங்குகளைக்கூட அவர்கள் வெளியிட்டதை அவரால் ஏற்க முடியவில்லை. அரசு திறந்திருக்க வேண்டும், தனி மனிதரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், இரண்டுக்காகவும் ஒரே ஆள் வாதாட முடியும் என்று காட்டினார். தன் பக்கத்து ஆட்களிடமே திட்டு வாங்கினார். யாழினிக்கும் அந்தத் தைரியம் தேவைப்படும்.

இன்னொன்று. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக அதன் ஆய்வுப் பிரிவு எழுதும் அறிக்கைகள் மக்கள் பணத்தில் தயாராகின்றன, ஆனால் முன்பு அவை மக்களுக்கு நேரடியாகக் கிடைக்காது. ஆஃப்டர்குட் கைக்கு வந்தவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் இணையத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தார். 2018-இல் சட்டம் மாறியது, இப்போது அரசே வெளியிடுகிறது.

நீ கேட்ட சம்பளக் கணக்குக்கு வருகிறேன். அதிகம் வராது. நிதி உதவியை நம்பி ஓடும் அமைப்புகள்தான் பெரும்பாலும், அந்த நிதி நின்றால் வேலையும் ஆட்டம் காணும். இதை அவளிடம் மறைக்காதே. இரண்டு ஆண்டுச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு இறங்கச் சொல். பொறியியல் வீணாகிவிடும் என்று மட்டும் வருந்தாதே. ஒரு தொழில்நுட்ப ஆவணத்தில் எது உண்மையான ஆபத்து, எது வெறும் பயம் என்று படித்தவுடன் பிரித்தறிய இந்தத் துறையில் ஆள் குறைவு.

அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன் என்று சொல். 1974 ரிச்சர்ட்சன் தீர்ப்பை முழுதாகப் படிக்கட்டும், முக்கியமாக நீதிபதி டக்ளஸின் மாறுபட்ட தீர்ப்பை. படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் பேசட்டும். ஒன்பது மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். மல்லிகாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்