எதிர்காற்றில் ஓங்கி அடிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கோல்ஃப் அறிமுகக் கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆனால், எதிர்காற்று வீசினால் வழக்கத்தைவிட ஓங்கி அடிக்க வேண்டும் என்று அதில் வந்த ஒரு வரி, புதிதாக ஆடுவோரைத் தவறான பழக்கத்தில் தள்ளிவிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், மரமோ கட்டடமோ மறைக்காத புல்வெளி மைதானங்களில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆடி வருகிறேன்; இங்கே காற்று ஓய்ந்த நாள் அரிது.

ஓங்கி அடிக்க அடிக்கப் பந்தின் பின்சுழற்சி, அதாவது பறக்கும்போது பின்னோக்கிச் சுழலும் வேகம், கூடும். அந்தச் சுழற்சிதான் பந்தை மேலே தூக்குகிறது. எதிரே காற்றும் வரும்போது தூக்கும் விசை இன்னும் பெருகுவதால், பந்து முன்னே போவதற்குப் பதில் உயரே ஏறிச் செங்குத்தாக விழுந்துவிடுகிறது. நான் ஆடத் தொடங்கிய புதிதில், 150 கெஜத்தில் இருந்த கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை) நோக்கி, அயர்ன் எனப்படும் உலோகத் தலை மட்டைகளில் ஏழாம் எண்ணால் உடம்பின் பலம் முழுவதையும் திரட்டி அடித்தேன். எழும்பிய பந்து நடுவானில் ஒரு கணம் நின்றதுபோலிருந்தது; பிறகு முப்பது கெஜம் முன்னதாகவே காட்டுப் பிளம் புதருக்குள் விழுந்து தொலைந்தது. உடன் ஆடிய முதிய கோதுமை விவசாயி, பந்தை இன்னும் தாழ்வாகவும் தொலைவாகவும் அனுப்பும் நான்காம் எண் அயர்னை எடுத்தார். பிடியில் இரண்டு அங்குலம் கையைக் கீழிறக்கி, பந்தை வலது காலுக்குச் சற்று நெருக்கமாக வைத்து, முக்கால் வீச்சில் நிதானமாக அடித்தார். பந்து தாழ்வாகவே சென்று, கிரீனுக்கு முன்பே தரையைத் தொட்டு, இறுகிய மண்ணில் உருண்டு, குழியில் நட்ட கொடிக்கம்பத்தருகே போய் நின்றது.

ஆடுவோரிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. மணிக்கு ஒரு மைல் எதிர்காற்றுக்குத் தூரத்தில் சுமார் 1 சதவீதம் குறையும். பின்னிருந்து வீசினால் கூடுவது அதில் பாதிதான். வழக்கமாக 150 கெஜம் போகும் பந்து, மணிக்கு 20 மைல் எதிர்காற்றில் 30 கெஜம் குறையும்; அதே காற்று பின்னிருந்து வீசினால் 15 கெஜமே கூடும். ஆகவே தொலைவு காட்டும் கருவியின் எண்ணை அப்படியே நம்பி மட்டையைத் தேர்ந்தெடுப்பது இத்தகைய மைதானத்தில் பயன் தராது.

இதற்கு நல்ல சான்று, கான்சாஸின் ஹட்சின்சன் நகரிலுள்ள பிரெய்ரி டியூன்ஸ் கோல்ஃப் மைதானம். மைதான வடிவமைப்பாளர் பெர்ரி மேக்ஸ்வெல் 1937-இல் ஒன்பது குழிகளை அமைத்தார். அவர் மகன் பிரெஸ் 1957-இல் மற்ற ஒன்பதைச் சேர்த்தார். குழிகள் திசை மாறி மாறிச் செல்வதால், ஒரே சுற்றில் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சோதிக்கும். மணல்மேட்டின் பள்ளத்தில் நிற்பவருக்குக் காற்றே இல்லை என்று தோன்றும். கிள்ளிய புல்லைத் தூவிப் பார்த்தாலும் காலடியில்தான் விழும். பந்து மேட்டைத் தாண்டி எழுந்ததும் காற்று அதை அடித்துச் செல்லும். அதனால் மேட்டின் உச்சியில் நிற்கும் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டு மகளிர் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி இங்கேதான் நடந்தது. 42 வயதான அமெரிக்க வீராங்கனை ஜூலி இங்க்ஸ்டர் கடைசி நாள் சுற்றை 66 அடிகளில் முடித்து, சுவீடனின் அன்னிகா சோரன்ஸ்டாமை வென்றார். அன்று அவருக்குக் கைகொடுத்தவை கிரீனைச் சுற்றிய நுட்பமான ஆட்டமும், கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரும்தான்.

குறுக்குக்காற்றுக்கும் முரட்டுப் பலம் உதவாது. அதை எதிர்த்துப் பந்தை வளைத்தால் தூரம் குறையும். தொடக்கநிலையில் இருப்பவர் கிரீனின் ஓரத்தைக் குறிவைத்து, காற்றே பந்தை நடுவுக்குக் கொண்டுவர விடுவது நல்லது.

கட்டுரை தொடாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிரீனில் பந்து கிடந்த இடத்தில் நாணயம் போன்ற ஓர் அடையாளம் வைத்து, பந்தை எடுத்துத் திரும்ப வைத்தபின் காற்று அதை நகர்த்தினால், பழைய இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது 2019 முதல் நடப்பிலுள்ள விதி. அடையாளம் வைத்து எடுக்காத பந்து நகர்ந்தாலோ, நின்ற புதிய இடத்திலிருந்தே ஆட வேண்டும். எனவே காற்று பலமாக உள்ள நாளில் கிரீனை அடைந்தவுடன் அடையாளம் வைத்து, பந்தை எடுத்துத் திரும்ப வைத்துவிடுவது பாதுகாப்பு.

கட்டுரையாளரின் உழைப்பை மதிக்கிறேன். அடுத்த இணைப்பில் அந்த ஒரு வரியை மட்டுமாவது திருத்தி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
விச்சிட்டா, கான்சாஸ்