அரியர் எழுத அடுத்த செமஸ்டர் வரை ஏன்?

ஆசிரியருக்கு,

பொறியியல் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று எங்கள் விடுதி மெஸ்ஸில் சோறு மிஞ்சும். கணக்கில் பெயிலானவர்கள் சாப்பிட வரமாட்டார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால், "இன்னும் ரிசல்ட் வரலம்மா" என்பார்கள். நான் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மெக்கானிக்கல் சேர்ந்தவள். இப்போது இறுதியாண்டு.

இதற்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் சீனியர் அக்காக்கள்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டுப் பழைய வினாத்தாள்களைப் பரப்புவார்கள். கேலி-ஹாமில்டன் தேற்றத்தைத் தமிழில் விளக்கிவிட்டு, அதே கணக்கை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார்கள். பதினாறு மார்க் கேள்வியில் விடை தப்பினாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்று எனக்குச் சொன்னது, அரியர்களையெல்லாம், அதாவது பெயிலான பாடங்களையெல்லாம், மறுபடி எழுதி கிளியர் செய்திருந்த ஓர் அக்கா. வகுப்பில் யாரும் சொல்லவில்லை. அவருக்கும் அரியர் இருந்தது என்று தெரிந்ததே பாதி தெம்பு.

100 மாணவர்களும் அதற்கு மேலும் படிக்கும் நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லதுதான். ஆனால் அவர் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை, அதுவும் முதல்வர் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் யார் போவார்கள்? அந்த நேரத்தில் வகுப்பு. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும். சாயங்காலம் விடுதிக்கு வரட்டும்.

நான் எழுத வந்தது வேறு. பிளஸ் டூவில் தவறினால் சில வாரங்களில் துணைத் தேர்வு எழுதி, அதே வருடம் கல்லூரியில் சேரலாம். எங்களுக்கோ அடுத்த செமஸ்டர் தேர்வு வரை காத்திருப்பு. அப்போது புதுப் பாடங்களோடு பழைய கணக்கும் சேர்ந்து நிற்கும். அதிலும் போனால் அதற்கடுத்த செமஸ்டர். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல கம்பெனிகள் 'ஸ்டாண்டிங் அரியர்' (இன்னும் கிளியர் ஆகாத பாடம்) இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. மன அழுத்தம் என்று எல்லோரும் பேசுவதில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்புதான். இதற்கு யோகா தினமும் ஊக்கப் பேச்சாளரும் என்ன செய்வார்கள்?

ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் மறுதேர்வு வையுங்கள். எல்லாப் பாடங்களுக்கும் முடியாதென்றால் முதலாம் ஆண்டுக் கணக்குக்கு மட்டுமாவது வையுங்கள். தேர்வுக் கட்டணம் அரியருக்கு இப்போதும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

– இறுதியாண்டு மாணவி, அரியலூர் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம், வீட்டில் இன்னும் சில விஷயங்கள் தெரியாது)