கார்பஹால் கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மெக்சிகோ கோல்கீப்பர் அந்தோனியோ கார்பஹால் பற்றிய என் கட்டுரை ஒருவழியாகப் போன வாரம் முடிந்தது. பெயர் போடக் கூடாது என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டீர்கள். சரி, பெயரில்லாமலே நன்றி சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு சாருக்கு. 1950 முதல் 1966 வரை ஐந்து உலகக் கோப்பைகளில் கார்பஹால் விட்ட கோல்கள் 33 என்று எழுதி வைத்திருந்தேன். சார் தாளைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு ஆட்டமாகப் பென்சிலால் எழுதிக் கூட்டினார். 1954இல் பிரேசில் அடித்த ஐந்தும் இன்னொரு கோல்கீப்பர் மோட்டா நின்றபோது விழுந்தவை. 1966இல் முதல் இரண்டு ஆட்டங்களிலும் நின்றவர் கால்டெரோன், அதில் மூன்று. ஆக, 33 என்பது மெக்சிகோவின் கணக்கு. கார்பஹாலுடையது 11 ஆட்டங்களில் 25தான். எட்டு கோலை அநியாயமாக அந்த மனிதர் தலையில் கட்டியிருந்தேன்! 25 மட்டும் குறைவா என்று கேட்கலாம். உலகக் கோப்பையில் மெக்சிகோ முதல் புள்ளியைப் பார்த்ததே 1958இல், வேல்ஸுடன் 1-1 என்று முடித்தபோதுதான். அப்படிப்பட்ட அணிக்குப் பின்னால் நின்றவர் அவர்.

அடுத்து, ஸ்பானிஷ் தெரிந்த அக்காவுக்கு. 'கார்பஜால்' என்றே எழுதிக்கொண்டிருந்தேன்; "ஜா இல்லடா, ஹா" என்று நான்கு முறை திருத்தினார். கார்பஹால் ஆடிய லியோன் கிளப்பைப் பற்றிய பழைய செய்திகளை இரவில் போனிலேயே படித்துச் சொன்னதும் அவர்தான். 'சிங்கோ கோபாஸ்', அதாவது ஐந்து கோப்பைக்காரர் என்ற பட்டப்பெயரை விளக்கியவரும் அவரே. 1998இல் ஜெர்மனியின் மத்தேயுஸும் தன் ஐந்தாவது உலகக் கோப்பையில் ஆட வரும்வரை அதற்கு இன்னொரு சொந்தக்காரர் இல்லை.

அப்புறம், எங்கள் மைதானத்துப் பழைய கோல்கீப்பர் மாமா. 1962இல் செக்கோஸ்லோவாக்கியா கால் நிமிடத்திலேயே கோல் போட்டதைக் கார்பஹாலின் அசட்டை என்று எழுதியிருந்தேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டு வாசற்படியில் நின்று, இரண்டு நிலைக்கும் நடுவில் கையை விரித்து, "இப்ப அடி" என்றார். எந்தப் பக்கமும் இடைவெளி பெரிதாகத்தான் தெரிந்தது. இரண்டடி முன்னால் வந்தார், பாதி வாசல் மறைந்தது. அந்த இரண்டடி எடுத்து வைக்கவாவது நேரம் வேண்டாமா என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன். அன்றைக்கு மெக்சிகோ திருப்பி அடித்து 3-1 என்று ஜெயித்தது. உலகக் கோப்பையில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. தோற்றவர்கள் அந்த முறை இறுதிப் போட்டி வரை போனார்கள். தேதி ஜூன் 7, கார்பஹாலின் 33ஆவது பிறந்தநாள்.

கலர் கலராகச் சட்டை போட்ட பிற்கால மெக்சிகோ கோல்கீப்பர் ஹோர்ஹே காம்போஸை விட்டுவிட்டு இந்தக் கிழவரைப் பிடித்தாயே என்று கடைசிவரை சண்டை போட்ட தம்பிக்கும் நன்றி. உனக்குப் பதில் சொல்லத்தான் 1966 வெம்ப்ளி ஆட்டத்தைத் தேடி எடுத்தேன். உருகுவேயுடன் 0-0. உலகக் கோப்பையில் அவர் கோல் விடாத ஒரே ஆட்டம், அதுவே அவருடைய கடைசி ஆட்டமும். 2023 மே மாதம், 93 வயதில் காலமானார்.

சார், உங்கள் பென்சில் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.