ஏரியில் மிதந்த மஞ்சள்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ஏரிப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "என்னங்க இது, மஞ்சப்பொடியைக் கொட்டின மாதிரி இருக்கு" என்றாள். நீயோ ஏதோ ஆலைக் கழிவு என்று பயந்து, நீந்தாமல் கரையோடு திரும்பிவிட்டதாக எழுதியிருந்தாய். ஜூன் முதல் வாரம், பின்லாந்து, கரை முழுக்க பைன் மரம். தாவரவியல் வாத்தியார் பெண்ணுக்கு இது தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அது மகரந்தம், கயல்.

பைன் தேனீயை நம்புவதில்லை, காற்றைத்தான் நம்புகிறது. அதனால் கணக்கே பார்க்காமல் வாரி இறைக்கும். ஒவ்வொரு மகரந்த மணிக்கும் இரண்டு பக்கமும் காற்றுப் பை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அசல் மிக்கி மவுஸ் தலை. பெண் கூம்பைப் போய்ச் சேர்வது துளிதான். மிச்சமெல்லாம் கார் மேலும் உன் பால்கனியிலும் ஏரியிலும்.

அது வீண்போவதில்லை. அந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றில் பாஸ்பரஸ் குறைவு. மகரந்தம் நனைந்ததும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் கசியத் தொடங்கும். பாசிக்கு அது உரம். ஆனால் மணிக்குள்ளே இருக்கும் சரக்கை எடுப்பதுதான் கஷ்டம். அதன் ஓடு அமிலத்துக்கே அசையாது, ஏரிச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். சுவீடன்காரர் லென்னார்ட் வான் போஸ்ட் சதுப்பு மண்ணில் அடுக்கடுக்காகக் கிடந்த மகரந்தத்தை எண்ணி, பழைய காடுகள் எப்படி மாறின என்று 1916இல் சொன்னதே இந்த ஓட்டின் தயவில்தான். ஏரியில் நீந்தும் கடுகளவு உயிரான நீர்த்தெள்ளு அதை எப்படிச் செரிக்கும்?

அதற்கு ஒரு பூஞ்சை வர வேண்டும். பெயர் கைட்ரிட். நான் எம்.எஸ்ஸி. படித்தபோது எங்கள் பேராசிரியர் கொடைக்கானலிலிருந்து பைன் மகரந்தம் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கோயில் குளத்துத் தண்ணீரைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை தூவச் சொன்னார். "தூண்டில்ல மீனுக்குப் புழு, இந்தப் பூஞ்சைக்கு மகரந்தம்" என்றார். சில நாள் கழித்துப் பார்த்தால், மணிகளின் மேல் கண்ணாடிக் குமிழ் போல உருண்டைகள். வேர் மாதிரி இழைகள் ஓட்டைத் துளைத்து உள்ளே போயிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் உருண்டை வாய் திறந்தது. வால் முளைத்த புள்ளிகள் குபுகுபுவென்று வெளியே வந்து ஓடின. அன்றைக்கு மெஸ் மூடும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

அந்தப் புள்ளிகள்தான் பூஞ்சையின் வித்துகள். நீர்த்தெள்ளின் வாய்க்கு ஏற்ற அளவு, நல்ல கொழுப்பும் உண்டு. காட்டிலிருந்து காற்றில் வந்த சாப்பாடு இப்படிப் பூஞ்சை வழியாகத் தெள்ளுக்கு, தெள்ளிலிருந்து மீன் குஞ்சுக்கு. போன மாதம் புளி கரைத்துக் குழம்பு வைத்தேன் என்றாயே அஹ்வென் மீன், அதுவும் சின்ன வயசில் தெள்ளு தின்று வளர்ந்ததுதான்.

சரி, ஒரு வேலை செய். கரையோரத் தண்ணீரை அந்த மஞ்சளோடு ஒரு பாட்டிலில் பிடித்து, மூடியை இறுக்காமல் ஜன்னலோரம் வை. நாலு நாள் கழித்து, லேபில் வேலை பார்க்கும் உன் தோழியிடம் கொடுத்துப் பார்க்கச் சொல். உருண்டை தெரிந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

உனக்குத் தும்மல் வருமா என்று அம்மா கேட்கிறாள். பைனால் அவ்வளவாக வராது. மே மாதம் நீ தும்மியதற்கு அநேகமாக பிர்ச் மரம்தான் காரணம்.

அன்புடன்,
அப்பா